மொட்டு விரியும் நேரத்துத் தண்ணீர்

திருச்சி புத்தூர் நால்ரோட்டிலிருந்து வயலூர் சாலையில் போய் சோமரசம்பேட்டையைத் தாண்டினால் எட்டரை, கோப்புப் பக்கம் மல்லிகைத் தோட்டங்கள். விடிவதற்குள் பறிக்கும் மொட்டு ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட் போன்ற இடங்களுக்கு வந்து, சாமிக்கும் தலைக்குமாகப் பிரிந்து போகிறது. மல்லிகைக்கு இவ்வளவு பழகிய ஊரில்கூட, அதைப் போட்டுத் தண்ணீர் குடிக்கலாம் என்றால் பலர் புருவத்தை உயர்த்துகிறார்கள்.

பூவாசம் ஏறிய தண்ணீர் நமக்குப் புதிதல்ல. பாதிரிப்பூ சேர்ந்த புது மண்பாண்டம் தன்னிலுள்ள தண்ணீருக்கும் அந்த மணத்தைக் கொடுப்பதை நாலடியார் உவமையாகவே எடுத்தாள்கிறது. கேட்பவர்களுக்குத் தெரிந்த வழக்கமாக இருந்தால்தான் உவமை நிற்கும். தாய்லாந்தில் இன்றும் மல்லிகையை இரவெல்லாம் மிதக்கவிட்ட தண்ணீரைப் பலகாரங்களுக்குச் சேர்க்கிறார்கள். சீனாவின் ஃபூஜோ நகரம் மல்லிகைத் தேநீருக்குப் பேர்போனது. அங்கே பகலில் பறித்த மொட்டைத் தேயிலையோடு கலந்து இரவு முழுக்க வைத்திருந்து, பிறகு பூவைச் சலித்து எடுத்துவிடுகிறார்கள். உயர்ந்த ரகத்துக்கு இதையே பல முறை, ஒவ்வொரு முறையும் புது மொட்டோடு செய்வார்கள்.

எல்லோரும் இரவைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் பூவின் உடம்புக்குள் இருக்கிறது. குண்டுமல்லியின் மூடிய மொட்டில் மணம் மிகக் குறைவு. பறித்த பிறகும் மொட்டு உயிரோடுதான் இருக்கும். பொழுது சாய்ந்து இதழ் விரியும்போது லினலூல், பென்சைல் அசிடேட் முதலிய மணப்பொருள்களை உண்டாக்கி வெளியே விடத் தொடங்கும். வாசனைத் திரவியம் செய்தவர்கள் அந்தக் காலத்தில் மல்லிகையைக் கொழுப்பின்மேல் பரப்பி மணத்தைப் பிடித்ததும் இதனால்தான். பறித்த மொட்டைக் கொதிநீரில் போட்டால் அது அங்கேயே செத்துவிடும். இருக்கிற கொஞ்ச மணமும் ஆவியோடு போய்விடும். கஷாயம் காய்ச்சிப் பழகிய கைக்கு இது சிரமம்தான், ஆனால் மல்லிகைக்கு அடுப்பு ஆகாது.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில், நன்றாகப் பருத்து வெளுத்த, இன்னும் விரியாத மொட்டாகப் பத்துப் பதினைந்து பறித்துக்கொள்ளுங்கள். பச்சை மொட்டு விரியாது. எறும்பு போக உதறி, ஒருமுறை அலசி, பச்சைக் காம்பைக் கிள்ளிவிடுங்கள். அதில் கசப்பு உண்டு. காய்ச்சி முழுக்க ஆறவைத்த அரை லிட்டர் தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மொட்டுகளை மேலே மிதக்கவிட்டு இறுக மூடிவிடுங்கள். அமிழ்த்தக் கூடாது, பூ மூச்சுவிட வேண்டும். பத்து மணிக்குத் திறந்தால் பூ விரிந்திருக்கும், வாசம் தண்ணீரில் இறங்கியிருக்கும். பூவை எடுத்துவிட்டுக் குடிக்கலாம். இளஞ்சூடாக வேண்டுமென்றால் கொஞ்சம் வெந்நீர் கலந்து, பனங்கற்கண்டைப் பொடித்துப் போடலாம். அன்றிரவே குடித்துவிட வேண்டும். பூ பழுப்பேறினால் தண்ணீரும் கெடும்.

இதைக் குடித்தால் மனம் அமைதியாகுமா? 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மல்லிகைத் தேநீரின் வாசத்தை மட்டும் முகரக் கொடுத்துப் பார்த்தார்கள். வெகுவாக நீர்த்த வாசமே இதயத் துடிப்பைச் சற்றுத் தணித்து, மனத்தையும் ஆற்றியது. அதில் லினலூலுக்கு முக்கியப் பங்கு இருப்பதாகக் கண்டார்கள். வேலை நடப்பது வயிற்றில் இல்லை, மூக்கில். அதனால் பூவை அள்ளிப் போடுவதால் பயன் கூடாது. டம்ளரை முகத்தருகே வைத்து மெதுவாகக் குடிப்பதுதான் முறை. தேநீரிலுள்ள காஃபீன் இதில் இல்லாததால் படுக்கப் போகும் நேரத்துக்கும் ஏற்றது. ஆனால் தூக்கமின்மை நோய்க்கு இது மருந்தாகாது.

பாலூட்டும் தாய்மார்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. பால் வற்ற மார்பில் மல்லிகை வைத்துக் கட்டும் நம் வீட்டு வைத்தியத்தை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்து, உண்மையிலேயே பால் குறைகிறது என்று 1988இல் வெளியிட்டிருக்கிறார்கள். அது மேலே கட்டிய பூ. குடித்தால் என்ன ஆகும் என்று அதைக் கொண்டு சொல்ல முடியாதுதான், இருந்தாலும் கைக்குழந்தை விஷயத்தில் விஷப்பரீட்சை எதற்கு? வெள்ளையாக இருக்கிறதே என்று நந்தியாவட்டையையோ அரளியையோ யாரும் சேர்த்துவிடவும் கூடாது. அரளி கடும் விஷம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடைப் பூவை இதற்கு வாங்காதீர்கள். மொட்டுப்புழுவுக்கும் செஞ்சிலந்திக்கும் விவசாயி மருந்து அடிக்காமல் மல்லிகையைக் காப்பது கடினம், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது சூடுவதற்காக விளைந்த பூ, குடிப்பதற்காக அல்ல. கழுவினால் எல்லாம் போய்விடும் என்று நம்பவும் முடியாது. மாடியில் நல்ல வெயில் விழும் இடத்தில் ஒரு தொட்டி போதும். நர்சரிக் கன்றிலும் மருந்து இருந்திருக்கலாம் என்பதால் முதலில் வரும் பூவைத் தலைக்கு வைத்துக்கொண்டு, கவாத்து செய்து, புதுத் தளிரில் வரும் மொட்டிலிருந்து குடிக்க எடுங்கள்.