கேஸ் போகவில்லை, காற்றுதான் போகவில்லை

வண்டியில் வைத்த ஃப்ரிட்ஜ் கூலாகவில்லை என்றால் நம் ஊரில் வந்து விழும் முதல் தீர்ப்பு: "கேஸ் இறங்கிடுச்சு சார், ஃபில் பண்ணணும்." கோடை விடுமுறையில் தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர், வண்டலூர் வழியாகத் தெற்கே இறங்கும் வேன்கள் பலவற்றின் பின்பக்கம் இப்போது ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அதற்குள் பாட்டியின் இன்சுலின், குழந்தைக்குப் பால், கொடைக்கானலில் காலையில் ஊற்றிக்கொள்ள இட்லி மாவு. விழுப்புரம் தாண்டும்போது மாவு பொங்கி மூடியைத் தள்ளுகிறது. ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் போகிறார்கள். கேஸ் நிரப்பப்படுகிறது. அடுத்த பயணத்திலும் மாவு பொங்குகிறது.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ் ஓட ஓடச் செலவாகும் பொருள் அல்ல. ஆலையிலேயே பற்றவைத்து மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். எங்காவது ஓட்டை விழுந்தால்தான் குறையும். ஓட்டை விழுவதற்கு முன்பே வண்டி ஃப்ரிட்ஜை முடக்கிப்போடும் காரணங்கள் வேறு இரண்டு: பின்பக்கச் சூடு, ஒயரில் இறங்கும் வோல்டேஜ். இரண்டும் தனித்தனி நோய் போலத் தெரிந்தாலும் ஒன்றை ஒன்று வளர்க்கின்றன.

சூட்டிலிருந்து தொடங்குவோம். ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. கொட்டும் இடம் பின்பக்கத்துக் கண்டென்சர். வெப்பம் அங்கிருந்து காற்றுக்குப் போக வேண்டுமானால் கண்டென்சர் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். கார் ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் உள்ள ஆர்-134ஏ என்ற வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டென்சர் 40 டிகிரியில் இருந்தால் குழாயின் அழுத்தம் சுமார் 10 பார். 60 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 17 பார். கம்ப்ரஸர் அதே வாயுவை இந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டும். அதிகக் கரன்ட் இழுக்கும், அதிக நேரம் ஓடும், குளிரோ குறைவாகத்தான் கிடைக்கும்.

60 டிகிரி என்பது மிகைப்படுத்தல் இல்லை. சென்னையில் மே மாதம் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். 2003 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்ட வண்டிக்குள் 55 டிகிரிகூடப் போகும். அந்த வண்டியின் பின்மூலையில் பிளைவுட் பெட்டி அடித்து, ஃப்ரிட்ஜை இறுக்கமாக உள்ளே செருகி, மேலே படுக்கை விரிப்புகளையும் பைகளையும் அடுக்கிவிடுகிறோம். கண்டென்சர் கொட்டிய சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்று, திரும்பத் திரும்ப அதே கண்டென்சரைச் சுடுகிறது. வேன் உள்வேலை செய்பவர்கள் பெட்டியை அழகாக மூடிக் கொடுப்பதில் கெட்டிக்காரர்கள். கீழே காற்று நுழைய ஒரு வழி, மேலே வெளியேற ஒரு வழி வேண்டும் என்று கேட்டு வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு. மேல்வழியில் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்றை மாட்டினால், கேஸ் நிரப்பியும் வராத குளிர் வந்துவிடும்.

இனி வோல்டேஜ். முடிச்சூர் சாலைப் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கேஸ் நிரப்பியும் பலனில்லாமல் ஒருவர் வேனைக் கொண்டுவந்திருந்தார். "கேஸைத் தொடாதீங்க சார். கரன்ட் வந்து சேருதான்னு மொதல்ல பாப்போம்" என்றார் எலக்ட்ரீஷியன். பேட்டரியில் மீட்டரை வைத்தார், 12.4 காட்டியது. "பேட்டரி நல்லாத்தானே இருக்கு?" என்றார் வண்டிக்காரர். எலக்ட்ரீஷியன் பதில் சொல்லாமல் ஃப்ரிட்ஜை ஓடவிட்டு, அதன் பிளக் அருகிலேயே மீட்டரை வைத்தார். கம்ப்ரஸர் கிளம்பிய நொடியில் எண் சரசரவென்று இறங்கி 11க்கும் கீழே போனது, ஃப்ரிட்ஜ் அணைந்தது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து பிளக்கை உருவினார். நடுமுனை கறுத்து, பக்கத்துப் பிளாஸ்டிக் இளகியிருந்தது.

பேட்டரி அருகே அளந்தால் தெரியாத இந்த இழப்பைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். முன்பக்கத்து பேட்டரியிலிருந்து பின்பக்கத்து ஃப்ரிட்ஜுக்கு 5 மீட்டர் என்றால், போக வர 10 மீட்டர் ஒயர். அது 1.5 ஸ்கொயர் எம்.எம். செப்பு ஒயராக இருந்தால், 5 ஆம்பியர் ஓடும்போது ஒயரிலேயே சுமார் 0.6 வோல்ட் போய்விடும். மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் ஒல்லிக் குழாயின் கடைசிக் குழாயடியில் நூலாக ஒழுகுவதைப் போலத்தான். 230 வோல்ட் வீட்டு லைனில் 0.6 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட் வண்டியில் அது உயிர்நாடி. பேட்டரி முழுதாக வடிந்து வண்டியே கிளம்பாமல் போய்விடக்கூடாது என்பதற்காக, குறிப்பிட்ட வோல்டேஜுக்குக் கீழே போனால் தானாக அணையும் பாதுகாப்பு கார் ஃப்ரிட்ஜ்களில் இருக்கிறது. பலவற்றில் அதை ஹை, மீடியம், லோ என்று மாற்றிக்கொள்ளலாம். ஒயர் தின்றுவிட்ட 0.6 வோல்டைக் கணக்கில் எடுக்கத் தெரியாத ஃப்ரிட்ஜ், பேட்டரிதான் தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி நின்றுவிடுகிறது. 4 ஸ்கொயர் ஒயரை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து நேரே இழுத்தால், இழப்பு 0.2 வோல்ட் அளவுக்குக் குறையும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டை விட்டு விலகுவதே பாதி வைத்தியம்.

டான்ஃபாஸ் நிறுவனம் உருவாக்கி, இப்போது செகோப் என்ற பெயரில் வரும் 12 வோல்ட் கம்ப்ரஸர்கள் உலகம் முழுக்கப் பயண ஃப்ரிட்ஜ்களில் இருக்கின்றன. அவற்றின் கன்ட்ரோல் யூனிட்டில் எல்.இ.டி. விளக்கு இணைத்திருந்தால் அது மின்னி மின்னிப் பழுதைச் சொல்லும். ஒருமுறை மின்னினால் வோல்டேஜ் போதவில்லை. இருமுறை என்றால் ஃபேன் அதிகக் கரன்ட் இழுக்கிறது. மூன்று, மோட்டார் கிளம்ப முடியவில்லை. நான்கு, கிளம்பியும் வேகம் பிடிக்கவில்லை. ஐந்து, கன்ட்ரோல் யூனிட் சூடாகிவிட்டது. இந்த ஐந்தில் எதுவும் "கேஸ் இல்லை" என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சூடும் வோல்டேஜும் கைகோப்பது இங்கேதான். பின்பக்கம் சூடானால் கம்ப்ரஸர் அதிகக் கரன்ட் இழுக்கிறது, கரன்ட் கூடினால் ஒயரில் இழப்பு கூடுகிறது, ஃப்ரிட்ஜ் அணைகிறது, உள்ளே சூடேறுகிறது, மறுபடி கிளம்பும்போது முன்பைவிட அதிக நேரம் ஓட வேண்டியிருக்கிறது. பெருங்களத்தூர் நெரிசலில் ஒரு மணி நேரம் ஐடிலிங்கில் நின்றால், ஆல்டர்னேட்டரும் முழு வீச்சில் சார்ஜ் கொடுக்காது.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் "12 வோல்ட் கார் ஃப்ரிட்ஜ்" பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றில் பலவற்றில் கம்ப்ரஸரே கிடையாது. 1834இல் பிரெஞ்சுக்காரர் ழான் பெல்டியே கண்டறிந்த விளைவைக் கொண்டு, மின்சாரம் பாயும்போது ஒருபக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் ஒரு தகடுதான் இருக்கும். வெளிச்சூட்டைவிட ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி குறைப்பதே அதன் எல்லை. வட ஐரோப்பாவின் 22 டிகிரி கோடைக்கு அது போதும். தாம்பரத்தின் 38 டிகிரியில் உள்ளே 18க்குக் கீழே போகாது. வெயிலில் நின்று 55 டிகிரியான காருக்குள் வைத்தால் பெட்டிக்குள் 35 டிகிரிதான். அந்தப் பெட்டியில் இன்சுலின் வைக்கக்கூடாது, பச்சைப்பாலும் வைக்கக்கூடாது.

நல்ல கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜாக இருந்தாலும் அதன் பலம் சிறியது என்பதை மறந்துவிடுகிறோம். 35 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 1,250 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் 65 வாட் வேகத்தில் வெப்பத்தை எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். தாம்பரத்தில் வெந்நீர்ப் பதத்தில் உள்ளே போன பாட்டில்கள், 300 கிலோமீட்டர் தள்ளி திருச்சி வந்து சேரும் நேரத்தில்தான் சில்லென்றாகும். அதுவரை பக்கத்தில் இருக்கும் மாவுக்கும் பாலுக்கும் குளிர் கிடைக்காது. முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜை வீட்டுக் கரன்ட்டில் ஓடவிட்டு, வீட்டு ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பொருள்களை மட்டும் மாற்றி வையுங்கள். ஓடும் வண்டியில் ஃப்ரிட்ஜின் வேலை குளிரைக் காப்பதுதான்.

கதவின் ரப்பர் பீடிங்கையும் பாருங்கள். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். புகுந்த ஈரமெல்லாம் உள்தகட்டில் பனியாகப் படிந்து, குளிருக்கே போர்வை போர்த்திவிடும்.

சினிமாக்காரர்களால் "கேரவன்" என்ற வண்டி தமிழ்நாட்டுக்குப் பழகிய ஒன்று. அவற்றில் ஜெனரேட்டர் இருப்பதால் சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜே ஓடும். 2021இல் கேரளம் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. இங்கும் டெம்போ டிராவலர்களைப் படுக்கை, அடுப்போடு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் சிங்கிள் டோர் வீட்டு ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டரில் ஓட்டுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் சாதாரண கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஓடுவதற்கு வேண்டியதைப்போலப் பல மடங்கு கரன்ட் கேட்கும். இன்வெர்ட்டர் அதைத் தாங்க வேண்டும். சைன் வேவ் இன்வெர்ட்டராகவும் இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவில் மோட்டார் உறுமும், சூடாகும், சீக்கிரம் எரியும்.

வெளிநாட்டு வண்டிகளில் இன்னொரு வகை உண்டு. நெருப்பால் குளிரவைக்கும் ஃப்ரிட்ஜ் அது. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவரும் 1922இல் உருவாக்கியதை எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1925 முதல் விற்றது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் மூடிய குழாய்களுக்குள் இருக்கும். கேஸ் சுடரோ ஹீட்டரோ அடியில் சூடேற்ற, அம்மோனியா பிரிந்து மேலேறி, குளிர்ந்து, ஹைட்ரஜனோடு கலந்து ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. மோட்டாரும் சத்தமும் இல்லை என்பதால் ஓட்டல் அறைகளின் மினிபாரில் இதை வைப்பார்கள். ஆனால் உள்ளே திரவம் இறங்குவது புவியீர்ப்பால் மட்டுமே. சாய்வான மலைச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கினால் திரவம் ஒருபக்கம் தேங்கும், அடிப்பகுதி வறண்டு எரியும், நாளடைவில் குழாய் அடைபடும். சமதளத்தில் நிறுத்துவது இதற்கு முதல் விதி. குழாயருகே மஞ்சள் பொடியும் அம்மோனியா நெடியும் தெரிந்தால், அதுதான் உண்மையான கேஸ் லீக்.

இன்சுலின் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டுக்கு எல்லோரும் அஞ்சுகிறார்கள். உறைவதை யாரும் நினைப்பதில்லை. ஒருமுறை உறைந்த இன்சுலினை, உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும், தூக்கி எறிந்துவிட வேண்டும். நம் சுகாதார செவிலியர்கள் தடுப்பூசிப் பெட்டியைத் தயார் செய்வதைக் கவனித்தால் ஒரு பாடம் கிடைக்கும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை உடனே பெட்டிக்குள் வைக்க மாட்டார்கள். மேசையில் பரப்பி, மேலே முத்து முத்தாக வியர்க்கும்வரை காத்திருந்து, காதருகே குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் சளசளத்தால் பேக் 0 டிகிரிக்கு வந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகே நான்கு பக்கமும் பேக்குகளை நிறுத்தி நடுவில் மருந்தை வைப்பார்கள். ஹெபடைட்டிஸ்-பி, பென்டாவேலன்ட் தடுப்பூசிகளும் உறைந்தால் வீண் என்பதால் வந்த பழக்கம் இது. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுபவருக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம், இதே முறையில் ஒரு சின்னப் பெட்டி ஓர் இரவுப் பயணத்துக்குப் போதும். தற்போது போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனா பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரி வரை சுமார் நான்கு வாரம் தாங்கும். எந்த அளவு என்று அதன் பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும்.

வேன் ஃப்ரிட்ஜில் மருந்து வைப்பவர்கள் டயலில் உள்ள 1, 2, 3 எண்களை நம்பாதீர்கள். அவை டிகிரி அல்ல. தாம்பரத்துச் சூட்டுக்குத் திருப்பி வைத்த டயல், ஊட்டியின் இரவுக் குளிரில் மருந்தை உறையவைக்கக்கூடும். ஒரு தண்ணீர் டம்ளருக்குள் தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளே வைத்துப் பாருங்கள். மருந்து உள்தகட்டில் ஒட்டாமல் இருக்கட்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி, கண்டென்சர் துளியும் சூடாகாமல், உள்தகட்டின் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்தால் கேஸ் போயிருக்கலாம். அப்போதும் அவசரப்பட வேண்டாம். சின்ன ஃப்ரிட்ஜுக்கு வேண்டிய கேஸ் சில பத்து கிராம்தான். எடை போடாமல், வேக்குவம் பிடிக்காமல் அடைத்தால் ஈரம் உள்ளே போய் மெல்லிய கேப்பிலரி குழாய் அடைபடும். புதிய வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக்கூடியது. வண்டிக்குள் வைத்து டார்ச்சைப் பற்றவைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். கேஸ் இறங்கிவிட்டது என்று சொல்பவரிடம், ஓடும் ஃப்ரிட்ஜின் பிளக்கில் வோல்டேஜைக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டை எந்த இடத்தில் என்று சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் காட்டாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.