எல்98.7: தொங்கும் தோலுக்கு ஓர் எண்

உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்து நாற்பது, ஐம்பது கிலோ இறங்கியவருக்குக் கொழுப்பு கரைந்துவிடும். தோல் அங்கேயே இருக்கும். அடிவயிற்றில் மடிந்து தொடைமேல் தொங்கும். இழுபட்ட தோலைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது எலாஸ்டின் என்னும் புரத இழை. கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே அதில் பெரும்பங்கை உடல் உருவாக்கி முடித்துவிடுகிறது. மிச்ச ஆயுளை அதை வைத்தே ஓட்டவேண்டும். திருப்பூர் பனியனின் கழுத்து தொய்ந்தால் தொய்ந்ததுதான். தோலின் கதையும் ஏறக்குறைய அதே.

இது நோயா, அழகுப் பிரச்சினையா? அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் இதைக் கேட்கும்போது, பதிலில் ஒரு பகுதி கோவையிலும் தட்டச்சாகிறது. உயிரியலோ நர்சிங்கோ பார்மசியோ படித்துவிட்டு மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போனவர்கள், அமெரிக்க மருத்துவரின் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் குறியீடு போடுகிறார்கள்.

அவர்களின் வேதம் ஐசிடி என்னும் சர்வதேச நோய் வகைப்பாடு. 1893இல் பாரிஸ் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலின் வாரிசு அது. அதன் பத்தாம் பதிப்பை அமெரிக்கா அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குறியீடுகளாக விரித்து, 2015 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாடு முட்டியதற்குக்கூட அதில் குறியீடு உண்டு: டபிள்யூ55.22. காங்கேயத்துக்காரர்கள் மெச்சிக்கொள்ளலாம். ஆனால் தொங்கும் தோலுக்கென்று தனிக் குறியீடு அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் சேர்ந்தது: எல்98.7.

'எல்' என்றால் தோல் நோய்களின் அத்தியாயம். தொங்குவது கண்ணிமைத் தோல் என்றால் அத்தியாயமே மாறிவிடும்: வலது மேல் இமைக்கு எச்02.31, இடது மேல் இமைக்கு எச்02.34. மடிப்புக்குள் வியர்வை தேங்கி, உரசி, தோல் வெந்து சிவந்தால் எல்30.4. எல்98.7 மட்டும் தனியாகப் போனால் அழகுக்கான சிகிச்சை என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வாய்ப்பு அதிகம், எல்30.4 கூடவே போனால் கதை வேறு. அதற்காகக் கோடர் தானாக அதைச் சேர்க்க முடியாது. மருத்துவர் எழுதாத நோய்க்குக் குறியீடு போடக்கூடாது என்பது தொழிலின் முதல் விதி.

நம்மூர்க் காப்பீட்டிலும் அழகு சிகிச்சைக்கு விலக்கு உண்டு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்கத் தேவைப்படும் சிகிச்சைக்கும் மட்டும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வழி விட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் புண்ணாகும் வயிற்று மடிப்பு இதில் அடங்குமா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். எத்தனை மாதமாகப் புண், எந்த மருந்து போட்டும் ஆறவில்லை என்று மருத்துவர் எழுதி வைத்திருந்தால் வாதாட இடமிருக்கும்.