கருப்பட்டியை விற்பதா, இருப்பு வைப்பதா?
முடிவைப் படமாக வரைந்து பார்க்கலாம்

குலசேகரன்பட்டினம், உடன்குடி வட்டாரத் தேரி நிலங்களில் பங்குனி முதல் ஆடி வரை பதநீர்க் காலம். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் காய்ச்ச வேண்டும். இத்தனை பாடுபட்டு எடுத்த கருப்பட்டியை, வரத்து மிகுந்து விலை சரிந்திருக்கும்போதே விற்றுவிடுவோர் பலர். மழைக்காலத்தில் விலை ஏறும் என்று வைத்திருந்து, கசிந்து இளகியபின் கிடைத்த விலைக்குத் தள்ளுவோரும் உண்டு. முடிவு மனக்கணக்கில் எடுக்கப்படுவதே இரண்டுக்கும் காரணம்.

பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இத்தகைய முடிவுகளைக் கணினியில் படமாக வரைகின்றன. இதற்கான பொதுக் குறியீட்டு முறை 2015-ல் வெளியிடப்பட்டது. எடுக்க வேண்டிய முடிவு ஒரு கட்டம்; தேவையான விவரம் ஒரு நீள்வட்டம்; எது எதைச் சார்ந்தது என்பதை அம்புக்குறி காட்டும். ஒரு கட்டத்திற்குரிய விதிகளை அட்டவணையாக எழுதலாம். இதே முறையை விடிலியில் உட்கார்ந்து ஒரு தாளிலும் வரையலாம்.

தாளின் மேலே "விற்பதா, வைப்பதா?" என்ற கட்டம். கீழே நான்கு வட்டங்கள்: கருப்பட்டியின் ஈரம், உலர்ந்த இடவசதி, எதிர்பார்க்கும் விலை, பணத்தேவை. விதிகள் வருமாறு:

1. கருப்பட்டி இளகியிருந்தால் உடனே விற்கவும்.
2. உலர்ந்தது, ஆனால் புகை படும் பரண் போன்ற ஈரம் தாக்காத இடம் இல்லை என்றால் விற்கவும்.
3. உலர்ந்தது, இடமும் உண்டு. எதிர்பார்க்கும் விலை கட்டுப்படியாகும் விலையைத் தாண்டாது என்றால் விற்கவும்.
4. விலையும் தாண்டும், ஆனால் பணம் அவசரம் என்றால் தேவைக்கு மட்டும் விற்று, மீதியை வைக்கவும்.
5. விலை தாண்டும், அவசரமும் இல்லை என்றால் முழுவதையும் வைக்கவும்.

எந்த நிலைமையும் ஒரே ஒரு விதியில்தான் அடங்க வேண்டும். இரண்டில் அடங்கினாலோ, ஒன்றிலும் அடங்காவிட்டாலோ படத்தில் பிழை இருக்கிறது என்று பொருள்.

கட்டுப்படியாகும் விலையைக் கணக்கிடுவது எளிது. எடுத்துக்காட்டாக, 100 கிலோ இருப்பு, இன்றைய விலை கிலோ ரூ.300 என்று கொள்வோம். இன்று விற்றால் ரூ.30,000. விற்காமல் அத்தொகையை மாதம் 2 சதவீத வட்டிக்கு வாங்கிச் சமாளித்தால் ஐந்து மாத வட்டி ரூ.3,000. ஓலைப்பெட்டி, கூலி ரூ.500. எடை 3 கிலோ குறைவதாகக் கொண்டால், ரூ.33,500-ஐ 97 கிலோ ஈட்ட வேண்டும். அதாவது கிலோ ரூ.346-க்குக் குறைந்தால் காத்திருந்தது நட்டமே.

எதிர்பார்க்கும் விலைக்குக் கடந்த மூன்று ஆண்டுக் கார்த்திகை விலைகளைப் பார்த்து, அவற்றில் குறைந்ததையே எடுத்துக்கொள்வது நல்லது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்கள் அதற்குரிய சிப்பங்களைக் கழித்துவிட்டு, மீதிக்கே படத்தைப் பயன்படுத்த வேண்டும்.

சென்ற ஆண்டுத் தாளைக் கிழித்தெறியாமல் வைத்திருந்தால், தவறியது விலைக் கணிப்பா, இருப்பு முறையா என்பது அடுத்த பருவத்தில் தெரிந்துவிடும். பனையேறும் உழைப்பில் மிச்சம் பிடிக்க இயலாது. விற்கும் முடிவில் பிடிக்கலாம்.