'லக்வு': ஒரு சொல்லின் பல பொருள்கள்

திருக்குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'லக்வு' என்னும் சொல் பெரும்பாலும் 'வீணானது' என்றே இடம்பெறுகிறது. பிழையென்று கூறுவதற்கில்லை, எனினும் அச்சொல்லின் பரப்பு இதனினும் விரிந்தது.

லாம், கைன், வாவ் என்ற எழுத்துகளை வேராகக் கொண்டது இது. மொழியைக் குறிக்கும் 'லுகத்'தையும் அகராதியாசிரியர்கள் இவ்வேரின் கீழேயே வைத்துள்ளனர். சிந்தனையின்றி வெளிப்படும், கணக்கில் கொள்ளப்படாத பேச்சே லக்வு என்கிறார் இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானி. சிட்டுக்குருவிகளின் ஒலியை அதற்கு ஒப்பிடுகிறார். உயிரீட்டுத் தொகையாக ஒட்டகங்களை எண்ணித் தரும்போது எண்ணிக்கையில் சேராத கன்றுகளுக்கும் அரபியர் இப்பெயரையே வழங்கினர். ஆக, 'கணக்கில் வாராதது' என்பதே அடிப்படைப் பொருள் எனலாம்.

2:225, 5:89 ஆகிய வசனங்களில் சத்தியத்தோடு இணைந்து வரும்போது இச்சொல் சட்டப் பொருள் பெறுகிறது. பேச்சினூடே உள்ளத்தில் எண்ணமின்றி நாவில் வந்துவிடும் 'வல்லாஹி' போன்றவையே லக்வு என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளக்கம். ஷாஃபிஈ மத்ஹபின் நிலை இதுவே. ஹனஃபிகளோ, உண்மையென நம்பிச் சத்தியம் செய்து பின்னர் அது தவறெனத் தெரியவருவதையே லக்வு என்பர். இனிச் செய்யவிருப்பதைப் பற்றி எண்ணமின்றி வந்த சத்தியமும் அவர்களிடம் கட்டுப்படுத்தும். முறித்தால் பத்து ஏழைகளுக்கு உணவளித்தல் முதலான பரிகாரம் உண்டு. இரு மத்ஹபினரும் அருகருகே வாழும் நம் தமிழகத்தில், ஒரே நாத்தவறு ஒருவருக்குக் கடனாகிறது, மற்றவருக்கு ஒன்றுமில்லை!

41:26-இல் இச்சொல் முற்றிலும் வேறு முகம் காட்டுகிறது. குர்ஆன் ஓதப்படுகையில் கூச்சலிட்டுக் குழப்புமாறு மறுப்பாளர்கள் ஒருவரையொருவர் ஏவியதை அவ்வசனம் கூறுகிறது. இங்கே அது சிந்தனையற்ற பேச்சன்று. பிறர் செவியை அடைக்கத் திட்டமிட்டு எழுப்பிய இரைச்சல்.

நம்மை அதிகம் சிந்திக்கவைப்பது வெள்ளிக்கிழமைக் குத்பா பற்றிய நபிமொழியே. இமாம் உரையாற்றும்போது அருகிலிருப்பவரிடம் 'வாய்மூடி இரு' என்று சொன்னவரும் லக்வு செய்தவரே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. சொல்லப்பட்ட அறிவுரையில் குறையேதும் இல்லை. சொல்லிய நேரமே அதை லக்வாக்கியது. இந்த இடத்தில் 'வீண்' என்ற தமிழ்ச்சொல் பொருந்தவில்லை. பேச்சுக்கு மட்டும் உரியதன்று இது என்பதையும் முஸ்லிமில் உள்ள மற்றோர் அறிவிப்பு உணர்த்துகிறது: தரையிலுள்ள சிறுகற்களைத் தொட்டு அளைந்தவரும் லக்வு செய்தவராகவே கருதப்படுகிறார்.