மொஹீனின் குதிரைகள்

2006-ஆம் வருஷத்தில் 'காங்ஸ்டர்' என்ற ஹிந்திப் படம் வெளியாயிற்று. படத்தின் கதை உங்களுக்கு மறந்திருக்கலாம். ஆனால் அதில் வரும் 'பீகீ பீகீ' என்ற பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஹிந்தியில் நாலு வார்த்தை தெரியாதவர்கள்கூட அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்த காலம் அது. இசையமைத்தவர் பிரீதம். பாடியவர் வங்காள தேசத்தில் பிரசித்தி பெற்ற ராக் பாடகர் ஜேம்ஸ்.

கல்கத்தாவில் மட்டும் இந்தப் பாட்டினால் வீட்டுக்கு வீடு ஒரு சின்ன வழக்கு நடந்திருக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் பெண் இதைப் பாடிக்கொண்டே வீட்டுக்குள் நுழைகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருக்கும் தாயார், அதே மெட்டில், ஆனால் வங்காளி வார்த்தைகளில், அடுத்த அடியைப் பாடி முடிக்கிறாள்.

"உனக்கு எப்படியம்மா தெரியும்? போன வாரம் வந்த பாட்டாயிற்றே!"

"போன வாரமா? போடி பைத்தியமே! இது எங்கள் மணிதா பாட்டு."

'தா' என்றால் வங்காளியில் அண்ணா. ரசிகர்கள் மணிதா என்று உரிமையோடு அழைத்த அந்த மனிதரின் முழுப் பெயர் கௌதம் சட்டோபாத்யாய். 1970-களின் நடுவில் அவர் தம்பிகளையும் சிநேகிதர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு குழு அமைத்தார். அதன் பெயர் 'மொஹீனேர் கோராகுலி'. தமிழில் சொன்னால் 'மொஹீனின் குதிரைகள்'.

அந்த மொஹீன் யார் என்றுதானே கேட்கிறீர்கள்? யாருக்கும் தெரியாது! ஜீவனானந்த தாஸ் என்ற வங்கக் கவிஞர் குதிரைகளைப் பற்றி எழுதிய ஒரு கவிதையில் அந்தப் பெயர் வருகிறது. கவிஞர் விளக்கம் எதுவும் தரவில்லை. அவர் 1954-இல் கல்கத்தாவில் டிராம் வண்டி மோதி, சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து காலமானார். உயிரோடு இருந்தபோது அவரைப் படித்தவர்கள் கொஞ்சம். காலமான பிறகு, ரவீந்திரருக்கு அடுத்தபடி அவர்தான் என்று கொண்டாட ஆரம்பித்தார்கள். பெயர் வைத்த முகூர்த்தமோ என்னவோ, அந்தக் கவிஞரின் ஜாதகமே குழுவுக்கும் வாய்த்துவிட்டது.

இந்தப் பெயர் வருவதற்கு முன்னால் வேறு பெயர்களையும் வைத்துப் பார்த்தார்கள். முதலில் 'சப்தரிஷி'. ஏழு பேர் இருந்தார்கள், ஆகையால் பொருத்தம்தான். பிறகு 'தீரந்தாஜ்', அதாவது வில்லாளி. அதற்கும் பிறகு ஒன்று வைத்தார்கள் பாருங்கள்: 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்ஸி. கோஷ்டியார்'! பட்டத்தைப் பெயரோடு ஒட்டிக்கொண்ட ராக் குழு இந்த உலகத்தில் வேறு எங்காவது உண்டா? நல்ல வேளை, கௌதமின் உறவினரான ரஞ்சன் கோஷால் கவிதைப் புத்தகத்திலிருந்து குதிரைகளை ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்.

குழுவில் பாதிப் பேர் ஒரே குடும்பம். கௌதமின் தம்பிகள் பிரதீப், விசுவநாத் இருவரும் இருந்தார்கள். ரஞ்சன் பாட்டு எழுதுவதோடு வெளியுலக விவகாரங்களையும் பார்த்துக்கொண்டார். வயலினும் பியானோவும் வாசித்தவர் ஏப்ரஹாம் மஜும்தார். கிதாருக்கும் பாட்டுக்கும் தாபஸ் தாஸும் தாபேஷ் பந்தோபாத்யாயும். தாபஸ் தாஸை ரசிகர்கள் 'பாபிதா' என்பார்கள். தெற்குக் கல்கத்தாவில் நாக்தலா என்ற பகுதியில் கௌதமின் வீடு இருந்தது. ஒத்திகை அங்கேதான். அந்த வீட்டுத் தாய்மாருக்கு எத்தனை கெட்டில் தேநீர் போட வேண்டியிருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. சங்கீத சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் எழுதுவதே இல்லை.

கௌதம் சாதுவான பிள்ளை அல்ல. பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்தவர். பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல்களில் ஆங்கிலோ இந்திய வாலிபர்களோடு சேர்ந்து கிதார் வாசித்தவர். 1960-களின் கடைசியில் வங்காளத்தைப் பிடித்து ஆட்டிய நக்ஸலைட் இயக்கத்தில் அவரும் இறங்கினார். பிடிபட்டார், சிறையில் இருந்தார், வெளியே வந்ததும் சில காலம் வங்காளத்துக்கு வெளியே கழித்தார். திரும்பி வந்தபோது கையில் இருந்தது கிதார். கல்கத்தாவில் அப்போது ஒரு தலைமுறையே அடிபட்டு மௌனமாகிக் கிடந்தது. வீடு திரும்பாத பிள்ளைகளுக்காக இரவெல்லாம் வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருந்த தாய்மார் அந்த நகரத்தில் அநேகர்.

அந்த நாளில் வங்காளி வீடுகளில் என்ன பாட்டு ஒலித்தது? காலையில் ரவீந்திர சங்கீதம். மாலையில் ஹேமந்த குமார், மன்னா டே. துர்கா பூஜை வந்தால் பூஜைக்கென்றே புது இசைத்தட்டுகள். எல்லாம் அமிர்தம், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாட்டுகளில் பஸ் நெரிசல் இல்லை, வேலை கிடைக்காத வாலிபன் இல்லை, நகரத்துப் புகை இல்லை. பார்க் ஸ்ட்ரீட்டில் ராக் சங்கீதம் இருந்தது. அது இங்கிலீஷில் இருந்தது. கிராமத்துப் பக்கம் ஏகதாராவை மீட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் பாவுல் பாடகர்கள் இருந்தார்கள். நம் சித்தர்களைப்போல, உடம்பையும் உயிரையும் பற்றி விடுகதை போட்டுப் பாடுகிறவர்கள். மொஹீனின் குதிரைகள் இந்த இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டின. ஸாக்ஸபோனும் வயலினும் ஒலிக்க, மேற்கத்திய மெட்டும் பாவுல் மெட்டும் மாறி மாறி வர, வார்த்தை மட்டும் சுத்த வங்காளி. ரவீந்திரர் வளர்த்த காதுகளுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

1977-இல் முதல் இசைத்தட்டு வந்தது. அதன் தலைப்பைக் கேளுங்கள்: 'கலங்கிய பறவைக் கூட்டமும் கல்கத்தாவைப் பற்றியதும்'. கடைக்காரரிடம் போய் இதைச் சொல்லிக் கேட்பதற்கே தனித் துணிச்சல் வேண்டும். அதில் ஒரு காதல் பாட்டு உண்டு. தனக்குப் பிடித்தவற்றை எல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகிறவன், கடைசியில் மனம் மட்டும் நிறையவில்லை என்று நிற்கிறான். சிறையும் சாவும் கண்ட ஊரில் அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு அது வெறும் காதல் பாட்டாக இருந்திருக்காது. 1978-இல் இரண்டாவது தட்டு, 1979-இல் மூன்றாவது. மூன்றும் சேர்ந்தும் பத்துப் பாட்டு இல்லை. அவ்வளவுதான் அவர்களுடைய சொத்து. அதுவும் விற்பனையில் பிரமாதமாக ஓடவில்லை.

கச்சேரிகளும் விரல் விட்டு எண்ணக்கூடியவைதாம். 1978-இல் ஸ்டார் தியேட்டர். 1979-இல் மாக்ஸ் முல்லர் பவன், ரவீந்திர ஸதன். 1980-இல் செயின்ட் பால் தேவாலயம், ஜாஸ் விழா. இந்த இடங்களைக் கவனித்தீர்களா? ஹோட்டலில் நடக்கும் ராக் கச்சேரிக்கு ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் போக முடியுமா? 'காலை ஒடித்துவிடுவேன்' என்று அப்பா எழுந்திருப்பார். ரவீந்திர ஸதன் என்றால் யார் தடுக்கப் போகிறார்கள்? பெயரிலேயே ரவீந்திரர் இருக்கிறாரே! கலைந்த தலையும் கிதாருமாக நிற்கும் வாலிபர்களை அந்தக் காலத்துக் கல்லூரிப் பெண்கள் நேரில் பார்த்ததற்கு இந்த மண்டபங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று கல்கத்தாவில் அறுபதும் எழுபதும் கடந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், 'ரவீந்திர ஸதன் கச்சேரிக்கு நான் போயிருந்தேன்' என்று சொல்ல ஆள் அகப்படாமல் போகாது. சொல்லுகிறவர்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் மண்டபத்தில் இருந்த நாற்காலிகளைவிடக் கணக்கு அதிகமாகிவிடும் என்று எனக்கு ஒரு சந்தேகம். பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணன் போய் வந்து சொன்னதை நூறு தடவை கேட்ட தங்கைக்குத் தானே போனதுபோல ஆகிவிடுகிறது. நம் பாட்டிமார் எம்.எஸ். கச்சேரியைப் பற்றிச் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

1981-இல் குழு கலைந்தது. சண்டை சச்சரவால் அல்ல. பாட்டு சோறு போடவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பிழைப்பைத் தேடிப் போனார்கள். ரஞ்சன் பெங்களூர் போய்ச் சேர்ந்தார். ஏப்ரஹாம் மஜும்தார் பிள்ளைகளுக்கு வயலின் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். கௌதம் சினிமாவுக்குப் போய் 'நாக்மொதி' என்ற படத்தை எடுத்தார். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. இசைத்தட்டுகள் கடையிலிருந்து மறைந்தன. யாராவது ஒரு வீட்டில் இருந்த தட்டைக் கேசட்டில் பதிவு செய்து, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று கைமாறிற்று. பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும், குரல் தேயும். மூன்றாவது பிரதியில் பாடுகிறவர் கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல் இருக்கும். காதலுக்கு அது போதாதா? கல்லூரி விடுதிகளில் அந்தக் கேசட்டுக்கு வரிசை நின்றது.

1992-இல் சுமன் சட்டோபாத்யாய் என்பவர் தனி ஒருவராகக் கிதாரை எடுத்துக்கொண்டு மேடை ஏறி, நகரத்து வாழ்க்கையை வங்காளிப் பாட்டாகப் பாடினார். ஊரே எழுந்து உட்கார்ந்தது. இதைத்தானே அந்தக் குதிரைகள் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் செய்தன என்று பழைய ரசிகர்கள் சொல்லத் தொடங்கினார்கள். கௌதமுக்கும் உற்சாகம் பிறந்தது. 1995-இல், கல்கத்தாப் புத்தகச் சந்தையில் ஒரு கேசட் வெளியாயிற்று. பெயர் 'மறுபடியும், வருஷம் இருபது கழித்து'. இந்தப் பெயருக்கும் ஜீவனானந்தரிடம்தான் கடன் வாங்கியிருந்தார்கள்.

பழைய குழுவை அப்படியே கூட்டி அவர் பாட வைக்கவில்லை. இளம் பாடகர்களையும் புதுக் குழுக்களையும் அழைத்துப் பாடச் சொன்னார். அந்தக் கேசட்டில் இருந்ததுதான் நம் சமையலறைத் தாயார் பாடிய 'பிருதிபீ', உலகம் என்ற பாட்டு. வரவேற்பறை டெலிவிஷன் பெட்டிக்குள் உலகமே சுருங்கி அடைபட்டுப் போவதைப் பற்றிய பாட்டு அது. அதைத்தான் ஹிந்திக்காரர்கள் ஈர இரவுகளின் காதல் பாட்டாக்கிவிட்டார்கள்! மெட்டு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் டெலிவிஷனைக் கேலி செய்த பாட்டு பிறகு டெலிவிஷனில் ஓயாமல் ஓடியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மணிதா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

அவர் இல்லை. 1999-ஆம் வருஷம் ஜூன் 20-ஆம் தேதி, மாரடைப்பினால் காலமானார். வயது ஐம்பத்தொன்று. ஆனால் கல்லூரி விழாக்களில் தம் பாட்டைப் பாடும் பிள்ளைகளை அவர் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். சந்திரபிந்து, காக்டஸ், ஃபாஸில்ஸ் என்று வங்காளி ராக் குழுக்கள் பெருகிவிட்ட சமயம் அது. 1977-இல் அவரைக் கேட்டவர்களின் பிள்ளைகள் இப்போது அவருக்கு ரசிகர்கள். ஒரே குழு, ஒரே வீட்டில் தாய்க்கும் பெண்ணுக்கும் இளமைக் காலத்துக் குழுவாக இருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? தாயாருக்கு அது இருட்டில் கேட்ட இசைத்தட்டு. பெண்ணுக்கு அது விடுதி மொட்டை மாடியில் சிநேகிதிகளோடு பாடிய பாட்டு.

2020-இல் ரஞ்சன் கோஷாலும் போய்விட்டார். பாபிதாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டது. வைத்தியத்துக்கு வேண்டிய பணம் கையில் இல்லை. செய்தி பரவியது. ரசிகர்கள் பணம் திரட்ட முனைந்தார்கள். கல்கத்தாவில் இளைய பாடகர்கள் முன்வந்தார்கள். எல்லைக்கு அப்பால், வங்காள தேசத்திலும் பாடகர்களும் ரசிகர்களும் கைகொடுத்தார்கள். மேற்கு வங்க அரசாங்கம் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொண்டது. பணம் அனுப்பியவர்களில் எத்தனை பேர் அந்தக் குழுவை மேடையில் பார்த்திருப்பார்கள்? அநேகமாக யாரும் இல்லை. குழு கலைந்தபோது அவர்களில் பலர் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

2023-ஆம் வருஷத் தொடக்கத்தில் பாபிதா ஒரு மேடையில் ஏறினார். மூக்கில் உணவுக் குழாய் செருகியபடியே இருந்தது. அப்படியே பாடினார். அந்த வருஷம் ஜூன் மாதம் 25-ஆம் தேதி அவர் காலமானார்.