விளையாட்டுக்குள் இசை – 9
நூறு முறை கேட்ட மெட்டு

சென்ற வாரம் கார் பந்தய விளையாட்டுகளின் இசையைப் பார்த்தோம். மூன்று நிமிடத்தில் பந்தயம் முடியும், பாட்டும் முடியும். ஆர்.பி.ஜி. என்கிற ரோல் பிளேயிங் விளையாட்டுகளின் கணக்கே வேறு. ஒரு பாத்திரமாகவே மாறி, ஊர் ஊராக நடந்து, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, நாற்பது ஐம்பது மணி நேரம் ஒரு கதைக்குள் குடியிருக்க வேண்டும்.

சினிமாவுக்குப் பின்னணி இசை அமைப்பவருக்குக் காட்சியின் நீளம் நொடிக்கணக்கில் தெரியும். இங்கே தெரியாது. ஒருவர் கிராமத்தை ஒரே நிமிடத்தில் கடந்துபோவார். இன்னொருவர் வீடு வீடாக நுழைந்து, வழியில் நிற்கிற கிழவரிடமும் பேச்சுக் கொடுத்து, ஒரு மணி நேரம் அங்கேயே இருப்பார். இருவருக்கும் ஒரே மெட்டுதான். ஒன்றிரண்டு நிமிடம் ஓடி, மறுபடி தலையிலிருந்து தொடங்கும். சண்டை மெட்டின் பாடு இன்னும் கஷ்டம். அதை ஒருவர் நூற்றுக்கணக்கான முறை கேட்கப்போகிறார். முதல் தடவையே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிற மெட்டு பத்தாவது தடவையில் சலித்துவிடும்.

1986-இல் ஜப்பானில் ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற ஆர்.பி.ஜி. வந்தபோது அதற்கு இசையமைத்த கொய்ச்சி சுகியாமாவுக்கு வயது 55. தொலைக்காட்சிக்கும் விளம்பரங்களுக்கும் எழுதித் தேர்ந்த கை. ஆனால் அது ஓடிய ‘ஃபேமிகாம்’ விளையாட்டுக் கருவியில் அவருக்குக் கிடைத்தவை சுரம் பாடும் மூன்று குரல்கள், தாளத்துக்கு ஓர் இரைச்சல், அவ்வளவுதான். விளையாட்டின் மற்ற ஓசைகளுக்கும் இதே குரல்களில் ஒன்றைத்தான் கடன் வாங்க வேண்டும். இருக்கிற இரண்டு மூன்று குரல்களையும் ஒன்றோடொன்று உரையாட விட்டார் சுகியாமா. அரண்மனைக்கு அவர் எழுதியது பழைய ஐரோப்பிய பரோக் பாணி. குரல்கள் குறைவாக இருந்தாலும் நிறைவாக ஒலிக்கும் பாணி அது.

அந்த விளையாட்டின் குகை இசை எனக்கு இன்றும் ஆச்சரியம். குகைக்குள் ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்க இறங்க, அதே மெட்டின் சுருதி இறங்குகிறது, காலப்பிரமாணமும் தளர்கிறது. புதிதாக ஒரு சுரம்கூடச் சேரவில்லை. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பது காதிலேயே தெரிந்துவிடுகிறது. மெட்டு முன்பே பழகியிருந்தால்தான் இது பலிக்கும். கேட்டுக் கேட்டு ஊறிய ஒன்று சற்றே பிசகும்போதுதான் அடிவயிறு கலங்கும்.

அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் நாயகன் தனியே கிளம்புகிறான். வெளியில் நடக்கும்போது ஏக்கம் தோய்ந்த ஒரு மெட்டு. தேடி அலைந்து மூன்றாவது ஆளும் சேர்ந்த பிறகு, அதே புல்வெளியில் வேறு மெட்டு, துள்ளலோடு. திரையில் புல்லும் மலையும் மாறவில்லை. துணை கிடைத்ததை இசை மட்டும் சொல்கிறது.

அடிக்கு அடி இசையும் பொங்க வேண்டும், நூறு வயலின்கள் ஓயாமல் முழங்க வேண்டும் என்று சில புதிய விளையாட்டுகள் நினைக்கின்றன. எனக்கு அது தவறாகவே படுகிறது. எல்லா இடத்திலும் உச்சத்தில் இருக்கிற இசைக்கு, வேண்டிய இடத்தில் எழுந்து நிற்க இடமே இருக்காது.

இதை நன்றாக அறிந்தவர் நோபுவோ உயெமாட்சு. முறையாக எவரிடமும் இசை பயிலாதவர். ‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசைக்கு உயிர் கொடுத்தவர். 1997-இல் வந்த ஏழாம் பாகத்தில் ஏரித் என்றொரு பூக்காரப் பெண். சேரிப் பகுதியில் ஒரு பாழடைந்த தேவாலயத்துக்குள் பூச்செடி வளர்க்கிறாள். அங்கே அவளுடைய மெட்டு மெல்லிய சாயலில் ஒலிக்கும். அப்போது அதைப் பெரிதாகக் கவனிக்கத் தோன்றாது.

கதை பாதி வழி வரும்போது, ஒரு பழைய நகரத்தில், பிரார்த்தனையில் இருக்கும் ஏரித்தை வாள் ஒன்று துளைக்கிறது. அவள் கூந்தலில் இருந்த சிறு கல் விழுந்து படிகளில் துள்ளி இறங்குகிறது. அவளுடைய மெட்டு பியானோவில் தொடங்குகிறது. அழக்கூட அவகாசம் தராமல் எதிரி எழுந்து நிற்கிறது.

சண்டை என்றால் சண்டை இசை வெடித்துக் கிளம்பும். அத்தனை மணி நேரமும் விளையாட்டு நமக்குப் பழக்கிய விதி அது. ஆடுகிறவரின் காது அதற்குத் தயாராகிறது. ஆனால் முரசு ஒலிக்கவில்லை. ஏரித்தின் மெட்டே தொடர்கிறது. தாக்குவதா, மருந்து கொடுப்பதா என்று கட்டளைப் பெட்டி எப்போதும்போலக் கேட்கிறது. பியானோ தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, விரல் பட்டனை அழுத்த வேண்டியிருக்கிறது.

(தொடரும்)