உஷார்! சாயும் வீல்சேர் வாங்கும்போது தள்ளுகிற கையை மறந்துவிடாதீர்கள்

டாக்டர் சீட்டில் "டில்ட் வீல்சேர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாரா? ஒரு நிமிடம் பொறுங்கள். சர்ஜிக்கல் கடைக்குப் போன் போடாதீர்கள். ஆன்லைனில் படத்தைப் பார்த்து, விலையைப் பார்த்து, ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு ஆள் இப்போது தன் கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவரா? ஹாலிலிருந்து சமையலறை வாசல் வரைக்குமாவது?

ஆமாம் என்றால் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அந்தச் சீட்டில் இருக்கிற இரண்டே வார்த்தையை நம்பிக் கடையில் எடுத்துக் கொடுக்கும் வண்டி, பல நேரம் அவரால் தள்ளவே முடியாத வண்டி!

ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். முப்பது வயதைத் தாண்டிய மனிதர். பைக் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. கால்கள் அசையாது. விரல்களில் பிடிமானம் இல்லை. ஆனால் தோளும் முழங்கையும் வேலை செய்யும். உள்ளங்கையைச் சக்கரத்தின் வளையத்தில் அழுத்தி அழுத்தித் தள்ளி வீட்டுக்குள் தானே நடமாடுவார். காலையில் வாசல் வரை வந்து பால்காரரிடம் கணக்குப் பேசுவார். வீட்டில் அவருக்கென்று ஒரு குரல் இருந்தது.

ஒரு நாள் வால் எலும்புப் பக்கம் தோல் நிறம் மாறியிருந்தது. படுக்கைப் புண்ணின் ஆரம்பம். மருத்துவமனையில் பார்த்தவர்கள் சாயும் வீல்சேர் வாங்கச் சொல்லி எழுதினார்கள். எழுதியதில் தப்பே இல்லை. ஒரே இடத்தில் விழுகிற உடல் பாரத்தை முதுகுக்கு மாற்றிவிடத்தான் அந்த வண்டி.

நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். வண்டி வந்தது. சோபா மாதிரி சீட், தலைக்குத் திண்டு, பார்க்கவே கம்பீரம். அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து பார்த்தார்கள். அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். பழக்கதோஷத்தில் அவர் கை இரண்டு பக்கமும் இறங்கியது.

அங்கே சக்கரமே இல்லை.

நான்கும் சின்னச் சக்கரங்கள். பின்னால் ஒருவர் நின்று தள்ளினால்தான் நகரும். சாய்க்கிற லீவரும் பின்னால், கைப்பிடியில். மனைவி காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவார். வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு லீவரை அழுத்தி அத்தனை கனத்தையும் தாங்கிச் சாய்க்கத் தெம்பில்லை. ஆக, சாய்ப்பதற்காக வாங்கிய வண்டி பகல் முழுக்கச் சாயவே இல்லை!

பழைய வண்டியிலாவது அவர் தானே கட்டில் ஓரம் போய், மெத்தையில் கையை ஊன்றி முன்னால் குனிந்து பாரத்தைக் கொஞ்சம் இறக்குவார். இதில் அதுவும் போயிற்று. தோல் பிளந்து புண்ணானது. மாதக்கணக்கில் குப்புறப் படுக்கை. தள்ளாமல் கிடந்த தோள்கள் வலுவிழந்தன. பழைய வண்டிக்குத் திரும்பலாமா என்றால், அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாகிவிட்டது.

புது வண்டி பொருந்தியது என்று நிச்சயமாகத் தெரிகிற வரை பழைய வண்டியைக் கொடுக்காதீர்கள். தயவுசெய்து!

சரி, இந்தச் சாய்வு என்பது என்ன? கடைக்காரர்களே குழப்புகிற விஷயம் இது. செமி ஸ்லீப்பர் பஸ்ஸில் முதுகுப் பலகையை மட்டும் சாய்த்ததும் உட்கார்ந்த இடம் வழுக்கி வழுக்கி முன்னால் போகுமே, அது ரிக்ளைன். அந்த வழுக்கலில் வால் எலும்பின் மேல் தோல் இழுபடும். புண்ணுக்கு அந்த இழுவை ஒன்றே போதும். டில்ட் அப்படியல்ல. சீட்டும் முதுகும் அதே கோணத்தில் இருக்க, மொத்தமாகப் பின்னால் சாயும். இடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். உங்கள் சீட்டில் டில்ட் என்று எழுதியிருக்க, "ரெண்டும் ஒண்ணுதான் சார், இது விலை கம்மி" என்று ரிக்ளைன் வண்டியைக் காட்டினால், அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது, யாரும் கேட்காத கேள்வி. எத்தனை டிகிரி சாயும்?

20 டிகிரி வரை சாயும் வண்டி உண்டு. 45, 50, 55 வரை சாய்கிறதும் உண்டு. கையால் தள்ளுகிறவர்களுக்கென்று, பெரிய பின்சக்கரம் போட்டு, எடையைக் குறைத்துச் செய்கிறவற்றில் பல 20 டிகிரியோடு நின்றுவிடும். களைப்பாற, உடம்பு முன்னால் சரியாமல் இருக்க, ரத்த அழுத்தம் இறங்கும்போது சமாளிக்க, அது உதவும். ஆனால் பின்பக்கப் பாரம் உருப்படியாக இறங்க 30 டிகிரியாவது வேண்டும். அதற்கு மேலே போகப் போகத்தான் நல்லது. புண்ணுக்குப் பயந்து எழுதிய சீட்டுக்கு 20 டிகிரி வண்டி வாங்கினால் பணமும் போச்சு, புண்ணும் வரும். வெறும் களைப்புக்காக எழுதிய சீட்டுக்கு 55 டிகிரி வண்டி வாங்கினால், தேவையில்லாத கனத்தை அந்த மனிதர் தோளால் தினமும் தள்ள வேண்டும்.

டாக்டரிடமே கேளுங்கள். "எதுக்காக சாய்க்கணும் டாக்டர்? எவ்வளவு சாய்க்கணும்? எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை?" கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். தானே தள்ளுகிறவர் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் மேலே சொன்ன குடும்பம் கெட்டது.

இனி அபாய அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பின்சக்கரம் சின்னதா? 12 அங்குலம், 16 அங்குலம் என்றால் பிறர் தள்ளுவதற்கான வண்டி. தானே தள்ளுகிறவருக்கு 20 முதல் 24 அங்குலம் வரை வேண்டும், வெளிப்பக்கம் கை வளையத்தோடு.

சக்கரம் பெரியது, ஆனால் தோளுக்கு ரொம்பப் பின்னால் இருக்கிறதா? இதுதான் மறைந்திருக்கிற ஆபத்து. சீட் சாயும்போது வண்டி பின்பக்கம் கவிழக் கூடாது என்று சக்கரத்தைப் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அவர் கையைப் பின்னால் வளைத்து வளைத்துத் தள்ள வேண்டியிருக்கும். தோள் மூட்டு எத்தனை நாள் தாங்கும்? நிமிர்ந்து உட்கார வைத்து, வளையத்தின் உச்சியில் கையை வைக்கச் சொல்லுங்கள். முழங்கை 100 முதல் 120 டிகிரிக்குள் மடங்கியிருக்க வேண்டும். அதாவது செங்கோணத்தைவிடக் கொஞ்சம் விரிந்து. கை விறைப்பாக நீண்டாலும் தப்பு, தோள் காதுவரை தூக்கினாலும் தப்பு. அச்சை முன்னும் பின்னும், மேலும் கீழும் மாற்றி அமைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேண்டாம். கால் விளங்காதவருக்குத் தோள்தான் கால். தோளும் போனால் என்ன செய்வீர்கள்?

சாய்த்தபடியே தள்ளச் சொல்லாதீர்கள். லேசாகச் சாய்ந்தால் உடம்பு நிலையாக நிற்கும், அது சிலருக்கு நல்லதுதான். அதற்கு மேல் சாய்ந்தால் தோள் பின்னால் போய்விடும். வளையத்தின் முன்பாதி கைக்கு எட்டாது. சாய்ந்த நிலையில் சாய்தளம் ஏறுவது? நினைத்தாலே பகீர் என்கிறது. அப்படியே மல்லாந்துவிடும்.

பின்பக்கம் கவிழாமல் தடுக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்கள் இருக்கும். ஆன்டி டிப்பர் என்பார்கள். நம் வீடுகளில் நிலைப்படி தட்டுகிறது என்று முதல் வாரமே கழற்றிப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். ஐயோ, கழற்றாதீர்கள்! நிலைப்படிக்கு ஒரு மரச்சரிவு வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைக் கேளுங்கள். தானே தள்ளுகிறவர்களுக்கான நல்ல சாதாரண வண்டி 10 கிலோ சுற்றுவட்டத்தில் கிடைக்கும். சாயும் வண்டி 20 கிலோவுக்கு மேல் போவது சகஜம். பெரும்பாலானவை மடங்காது. கார் டிக்கியில் ஏறுமா? உங்கள் வீட்டுப் பாத்ரூம் கதவில் நுழையுமா? பெரிய சக்கரம் போட்ட வண்டியின் மொத்த அகலம் சீட் அகலத்தைவிட 8 அங்குலம் வரை கூடும். டேப் எடுத்து இன்றைக்கே கதவை அளந்துவிடுங்கள். சாய்ந்தால் நீளமும் கூடும், அதையும் பாருங்கள்.

பக்கவாதம் வந்து ஒரு கையும் ஒரு காலுமாக நகர்த்துகிற பெரியவர் வீட்டில் இருக்கிறாரா? அவருக்கு ஆபத்து வேறு மாதிரி. குதிகால் தரையைத் தொட வேண்டும், குஷன் போட்ட பிறகும். சீட்டின் முன்விளிம்பு மேலே கிளம்பாமல், முழங்கால் பக்கத்தை மையமாக வைத்துச் சாயும் அமைப்பு உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை காலை ஊன்றவும் அவர் வழுக்கி வழுக்கிச் சீட் நுனிக்கு வருவார். அப்புறம் ஒரு நாள் கீழே.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி: சாய்ப்பது யார்? லீவர் பின்னால் இருந்தால் பகலில் யார் இருப்பார்கள் என்று பெயர் சொல்லுங்கள். "யாராவது இருப்போம்" என்பது பதிலே இல்லை. ஆள் இல்லையென்றால் பேட்டரியில் சாயும் அமைப்பு, பொத்தான் அவர் கைக்கு எட்டும் இடத்தில். விரல் பிடிமானம் இல்லாதவர் என்றால் மணிக்கட்டால் தட்டினாலே இயங்கும் பெரிய பொத்தான். அதற்கு வசதியில்லையா? அப்படியானால் தள்ளுகிற வண்டியை அப்படியே வைத்துக்கொண்டு, நல்ல குஷனும், முன்னால் குனிந்து பாரம் இறக்கும் பயிற்சியும் போதுமா என்று தெரபிஸ்டிடம் கேட்கலாம். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை, குறைந்தது இரண்டு நிமிடம் இறக்க வேண்டும். சும்மா ஒரு விநாடி எக்கி உட்காருவதெல்லாம் தோலுக்குப் போதாது. என்னைக் கேட்டால், பல வீடுகளில் இந்த வழியே மேல் என்பேன். ஆனால் முடிவு ஆளைப் பார்த்த தெரபிஸ்டுடையது.

வண்டி வந்த பிறகும் அசந்துவிடாதீர்கள். சாய்க்கும் முன் இரண்டு பிரேக்கும். தலைத்திண்டு இல்லாமல் சாய்க்காதீர்கள், கழுத்து பின்னால் மடங்கிவிடும். சாய்ந்த நிலையில் ஒரு வாய் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர்கூட வேண்டாம்; மூச்சுக்குழாயில் போய்விடும். சீட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே விரல்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். உணர்ச்சி இல்லாத விரல் நசுங்கினால் அவருக்கே தெரியாது. காலில் கட்டிய சிறுநீர்ப் பை சாயும்போது மேலே வரும்; முதலில் காலி செய்யுங்கள்.

இப்போது சொல்வதைப் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்றால் சாய்க்கலாம். ஆனால் கழுத்திலோ மேல் முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று தலை பிளக்கிற வலி வந்து, முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டினால்,

சாய்க்கவே கூடாது!

ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். நேராக நிமிர்த்தி, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் உடனே 108. இதைத் தெரியாமல் "பாவம், மயக்கம் வருது போல" என்று சாய்த்துவிடுகிறார்கள். உயிருக்கே ஆபத்து.

தினமும் ராத்திரி பின்பக்கத் தோலைப் பாருங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கருத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கல் மாதிரி இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால் மறுநாள் அந்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

வீல்சேர் கொடுப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டி எட்டுப் படிகள் சொல்கிறது. ஆளைப் பரிசோதிப்பது, பொருத்திப் பார்ப்பது, பழக்குவது, பிறகும் வந்து பார்ப்பது எல்லாம் அதில் சேர்த்தி. நம் ஊரில் நடப்பதோ இரண்டே படி: சீட்டு, பில். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவு, சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை, முட்டுக்காட்டில் இருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் என்று ஆளை உட்கார வைத்துப் பார்த்துச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. ஒரு நாள் அலைச்சல்தான். போய்விட்டு வாருங்கள்.

கடைக்குப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவருடைய குஷனையும் எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார வைத்து, அவர் கையாலேயே பத்தடி முன்னால், பத்தடி பின்னால் தள்ளச் சொல்லுங்கள், ஒரு முறை திருப்பச் சொல்லுங்கள். பிறகு, சாய்த்து நிமிர்த்தச் சொல்லுங்கள், பகலில் வீட்டில் இருக்கப்போகிற அந்த ஆளையே விட்டு. இது இரண்டும் நடக்காத வண்டிக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.